த்ரில்லர் ஓபனிங் சரியா வரலையா? பார்த்தவங்க சொல்றத வச்சு பிழைய கண்டுபிடிக்கிற வழி

ஸ்கூல்ல மீடியா படிக்கிற பிள்ளைங்க, இல்லாட்டி கூட்டாளிமாரோட சேர்ந்து போன்லயே குறும்படம் எடுக்கிற பிள்ளைங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். முழுப் படத்த பத்தி பேசல, ஒரு த்ரில்லரோட மொத ரெண்டு நிமிஷத்த எப்பிடி ப்ளான் பண்றதுங்கிறது மட்டும்தான். மலையகத்துல ஹட்டன் மஸ்கெலியா பக்கமா இருந்தாலும் பண்டாரவளை ஹப்புத்தளை பக்கமா இருந்தாலும் நம்ம பிள்ளைங்க எடுக்கிற ஓபனிங்குல திரும்ப திரும்ப ஒரே கோளாறுங்கதான் வருது, அதுல முக்கால்வாசி கேமராவால வர்றதே இல்ல, எடுக்கப் போறதுக்கு முந்தியே பேப்பர்ல இருந்த ஓட்டை. கீழ உள்ளத வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க படத்த பார்த்தவங்க என்ன சொன்னாங்களோ அந்த தலைப்புக்கு நேரா போங்க.

அதுக்கு முந்தி ஒரு டெஸ்ட்

வரைய வராதுன்னு நிறைய பேர் ஸ்டோரிபோர்ட் (ஒவ்வொரு ஷொட்டையும் முந்தியே படமா வரைஞ்சு வைக்கிறது) வேலையவே விட்டுறாங்க, வரையவே தேவல்ல. ஒவ்வொரு ஷொட்டுக்கும் போன்ல ஒரு போட்டோ எடுங்க, நடிக்கிற ஆள் இல்லாட்டி தம்பியவோ தங்கச்சியவோ நிக்க வைங்க, எடம் கெடைக்காட்டி வீட்டுக்குள்ளயே எடுங்க. எல்லா போட்டோவையும் கேப்கட் மாதிரி ஒரு எப்ல வரிசையா போட்டு, எது எத்தன செக்கன் நிக்கணுமோ அத்தன செக்கன் இழுத்து விடுங்க, சத்தத்துக்கு நீங்களே வாயால "மழை", "கதவு"ன்னு சொல்லி ரெக்கோர்ட் பண்ணி போட்டா கூட போதும். மொத்தம் 120 செக்கன். ஒரு ஷொட்டுக்கு 4 செக்கன்னு வச்சா 30 ஷொட்தான் வரும், நீங்க 60 ஷொட் எழுதி வச்சிருந்தா பாதியைத் தூக்கணும்ங்கிறது இங்கயே தெரிஞ்சிரும், மலை ஏறி எறங்கி எடுத்து முடிச்சப்புறம் தெரியாது.

இத கதை தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டுங்க, கூட நடிக்கிற கூட்டாளிகிட்ட வேணாம். முடிஞ்ச ஒடனே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" அவங்க சொல்ற பதில அப்பிடியே எழுதிக்கோங்க. நடுவுல பூந்து விளக்கம் சொல்லாதீங்க, நாளைக்கு படம் ஓடும்போது ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் நின்னு விளக்க முடியாது.

"நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு போனை திருப்பி குடுத்துட்டாங்க

இதுதான் ஆக மோசமான அறிகுறி, ஏன்னா கேக்கிறதுக்கு நல்லா இருக்கும். பார்த்தவங்க மனசுல கேள்வியே விழலைங்கிறதுதான் இதுக்கு அர்த்தம்.

சோதிச்சு பார்க்கிறது லேசு. ஓபனிங் முடியிற எடத்துல பார்க்கிறவங்க மனசுல என்ன கேள்வி நிக்கணும்னு ஒரே வரியில எழுதுங்க, கடைசில கேள்விக்குறி வரணும். "டியூஷன் முடிஞ்சு ஒரு பொண்ணு வீட்டுக்கு வர்றா"ன்னு எழுதினா அது சம்பவம். "மத்தியானத்துல இருந்து அந்த வீட்டுக்குள்ள இருக்கிறது யாரு?"ன்னு எழுதினா அது கேள்வி.

ஒரு உதாரணத்த முழுசா பாப்போம், கீழ பல எடத்துல இதையே எடுத்து பேசப் போறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு புடிச்ச மழை, ஆறு மணியாகியும் விடல. ஏ.எல். படிக்கிற பொண்ணு ஒருத்தி டவுன்ல டியூஷன் முடிஞ்சு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) படி ஏறி வர்றா, கொழும்புல வேல செய்ற அப்பாகிட்ட போன்ல பேசிக்கிட்டே. காலெல்லாம் செம்மண் சேறு. அம்மாவுக்கு டவுன்ல ஒரு கடையில வேல, ஏழு மணி பஸ்ஸுலதான் வருவாங்க. லயத்துல கடைசி காம்பரா (வீடு) இவங்களோடது. இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) ஒரு ஜோடி ஆம்பளச் செருப்பு கெடக்கு. அது காஞ்சிருக்கு, ஒரு பொட்டு சேறு இல்ல.

அந்த காஞ்ச செருப்பு போதும். மழை புடிக்க முந்தி வந்தவன் இன்னும் உள்ளதான் இருக்கான், நாலு மணி நேரமா. இத யாரும் வாயால சொல்லத் தேவல்ல, பார்க்கிறவங்களே கணக்கு போட்டு கண்டுபிடிப்பாங்க, தானா கண்டுபிடிச்சவங்க அதுக்கப்புறம் கண்ண எடுக்க மாட்டாங்க. ஆனா அந்த கணக்குக்கு தேவையான எல்லாத்தையும் நீங்க முந்தியே கையில குடுத்திருக்கணும். மழை ரெண்டு மணிக்கே புடிச்சதுன்னு தெரியணும், அதுக்கு "ரெண்டு மணில இருந்து விடாம ஊத்துதுப்பா"ன்னு போன்ல ஒரு வசனம். அப்பா ஊர்ல இல்லன்னு தெரியணும், அதுக்கு "கொழும்புலயும் மழையாப்பா?"ன்னு இன்னொன்னு. பாதை முழுக்க சேறுன்னு தெரியணும், அதுக்கு அவ கால் கிட்டத்துல ஒரு ஷொட். இதுல ஒன்னு விட்டுப் போனாலும் "அப்பா செருப்பா இருக்கும்"னு சொல்லிட்டு போயிருவாங்க, உங்க ஓபனிங் அந்த எடத்துலயே செத்துரும்.

அடுத்தது, யாருக்கு எப்ப தெரியுதுங்கிறது. இத மூணு விதமா எடுக்கலாம், மூணும் வேற வேற படம். அவ செருப்ப பார்க்கும்போதே நாமளும் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியும், அது மர்மம். நாம பார்த்துட்டோம், ஆனா அவ போனை பைக்குள்ள வைக்கிறதுல மும்முரமா செருப்ப கவனிக்காமலே கதவுகிட்ட போறா, அது பதட்டம். அவ எதையோ பார்த்து அப்பிடியே நிக்கிறா, பேச்சு பாதியில நிக்குது, அப்பா அந்தப் பக்கம் "ஹலோ ஹலோ"ங்கிறாரு, என்னத்த பார்த்தான்னு மட்டும் நமக்கு காட்டல, அது ஆவல். த்ரில்லருக்கு பேர்போன டைரக்டர் ஹிட்ச்கொக் 1962ல பிரான்ஸ் டைரக்டர் ட்ருஃபோவோட பேசினப்போ இதுக்கு மேசைக்கு கீழ குண்டு இருக்கிற உதாரணத்த சொன்னாரு. குண்டு திடீர்னு வெடிச்சா பார்க்கிறவங்களுக்கு 15 செக்கன் அதிர்ச்சி, குண்டு இருக்கிறது நமக்கு முந்தியே தெரிஞ்சு மேசையில உக்காந்து பேசுறவங்களுக்கு தெரியாம இருந்தா 15 நிமிஷம் பதட்டம். ரெண்டு நிமிஷ ஓபனிங்குக்கு நான் ரெண்டாவது விதத்தத்தான் சொல்லுவேன், நடிச்சு பழக்கமில்லாத பிள்ளைய வச்சு எடுத்தாலும் அது வேலை செய்யும், ஏன்னா அங்க பயந்த மாதிரி நடிக்க வேண்டிய தேவையே அந்தப் பிள்ளைக்கு இல்ல.

சரி பண்றதுக்கு, உங்க ஷொட் லிஸ்ட்ல ரெண்டு கட்டம் கூட்டுங்க. ஒன்னு இந்த ஷொட் முடியும்போது பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும், மத்தது அந்தப் பாத்திரத்துக்கு என்ன தெரியும். ஒரு ஷொட்டுக்கு நேரா ரெண்டு கட்டத்துலயும் புதுசா எழுத ஒன்னும் இல்லாட்டி அந்த ஷொட் எவ்வளவு அழகா இருந்தாலும் தூக்குங்க. கீழ வர்ற மத்த கோளாறுல பாதி இந்த ரெண்டு கட்டத்தையும் ஒழுங்கா நிரப்பினாலே போயிரும்.

"இது பேய்ப் படமா?"

நம்ம பக்கத்துல இது ரொம்ப வருது, காரணம் மூடுபனி. பனி, பழைய பங்களா, ராத்திரி, வெள்ள உடுப்பு, இதெல்லாம் ஒன்னா சேர்ந்தா யாரா இருந்தாலும் பேய்னுதான் நினைப்பாங்க, அவங்க மேல தப்பில்ல. த்ரில்லர்ல ஆபத்து ஒரு மனுஷன்கிட்ட இருந்து வருது, அந்த மனுஷனுக்கு ஒரு நோக்கம் இருக்கு. அந்த நோக்கத்தோட வால் மட்டுமாவது மொத ரெண்டு நிமிஷத்துல தெரியணும். நம்ம உதாரணத்துல செருப்பு ரெண்டும் செவுத்தோரமா ஒழுங்கா சேர்த்து வச்சிருக்குன்னு எடுத்து பாருங்க, வந்தவன் அவசரத்துல வரல, விருந்தாளி மாதிரி வந்து கழட்டி வச்சிட்டு உள்ள போயிருக்கான்னு வந்துரும். பேய் செருப்பு கழட்டாது.

நேரத்தையும் மாத்தி பாருங்க. காலைல பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல, சனத்துக்கு நடுவுல, நல்ல வெயில்ல த்ரில்லர் எடுக்கலாம், எடுத்தா பேய் சந்தேகமே வராது.

இதோட சேர்த்து ஒன்ன மனசார கேட்டுக்கிறேன், லயத்தயே ஒரு பயங்கரமான எடமா காட்டாதீங்க, குடிச்சிட்டு தள்ளாடுற தோட்டத்து ஆள வில்லனா வைக்காதீங்க. நம்ம சனம் மலையகத்துக்கு வந்து 1823ல இருந்து கணக்கு வச்சு 200 வருஷம்னு 2023ல நினைவு கூர்ந்தோமே, அவ்வளவு காலமா நம்ம சனம் பொறந்து வளந்த எடம் அது, வெளியில இருந்து வர்றவங்க அத எப்பிடி காட்டுறாங்கன்னு நமக்கு தெரியும், நம்ம பிள்ளைங்களும் அதையே எடுக்க வேணாம். லயத்து வீடு பத்திரமான எடமா, சோறு வேகுற, ரேடியோ பாடுற எடமா மொதல்ல தெரிஞ்சாத்தான் அங்க ஒரு அந்நியச் செருப்பு கெடக்கும்போது நெஞ்சு திக்குங்கும்.

"ட்ரெய்லர் மாதிரி இருக்கு"

முழுக் கதையையும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள திணிச்சிருக்கீங்க. கத்தி, ஓட்டம், அழுகை, பொலிஸ், ஒவ்வொன்னுக்கும் நடுவுல கறுப்பு திரை, பின்னால டும் டும்னு மியூசிக். ஒரு எடம், ஒரு நேரம், ஒரு சம்பவம், இடைவெளி இல்லாம நடக்கட்டும். கறுப்புக்கு போற ஃபேட் ஒன்னுக்கு மேல இருந்தா எடுத்துருங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி, மூணு நாளைக்கு பிறகுன்னு எழுத்து போட வேண்டி வந்தா அந்தக் கதை இந்த ரெண்டு நிமிஷத்துக்கு உரியது இல்லன்னு வச்சுக்கோங்க.

"எப்பதான் தொடங்கும்?"

அலாரம் அடிக்குது, எழும்புறா, பல் வெளக்குறா, கண்ணாடி பார்க்கிறா, பேக்க தூக்கிட்டு கெளம்புறா. முக்கா நிமிஷம் போயிருச்சு, பார்க்கிறவங்களுக்கு தெரிஞ்சது அவ ஸ்கூலுக்கு போறான்னு மட்டும்தான். இன்னொரு வகை, தேயிலை மலை, செயின்ட் கிளெயர் ஃபோல்ஸ், டெவோன் ஃபோல்ஸ், தெமோதரையில 1921ல தொறந்த அந்த ஒம்பது வளைவுப் பாலம், எல்லாம் ட்ரோன்ல. நம்ம ஊர் அழகுதான், காட்டணும்ங்கிற ஆசையும் நியாயமானதுதான், ஆனா அந்த ஷொட்டுங்க உல்லாசப் பயணிங்களுக்கான வீடியோல நிறைய இருக்கு, பார்க்கிறவங்க மனசும் அந்த வீடியோ பக்கமே போயிரும். எடத்த காட்டணும்னா கதைக்கு உதவுற மாதிரி காட்டுங்க. தேயிலைத் தூருக்கு மேல ஒரு தலை மட்டும் நகருது, உடம்பு தெரியல, யாருன்னு தெரியல, கொழுந்தெடுக்கிற ஆளா இருந்தா கூடை இருக்கணும், கூடை இல்ல. அதுல ஊரும் தெரியுது கேள்வியும் விழுது.

எங்க தொடங்கணும்னு தெரியாட்டி, எழுதினதுல மொத அரை நிமிஷத்த கையால மூடிட்டு மிச்சத்த படிச்சு பாருங்க. கதை புரிஞ்சா அங்கயே தொடங்குங்க.

"யாரு எங்க நிக்கிறாங்கன்னே புரியல"

லயத்துல எடுக்கிறவங்களுக்கு இது கட்டாயம் வரும். ஒரே நீட்டு வரிசை, எல்லா கதவும் ஒரே பக்கம் பார்த்து, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நமக்கு அது நம்ம வீடு, யாரு காம்பரா எதுன்னு கண்ண மூடிட்டு சொல்லுவோம், பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒரே கதவு. அதனால ஒரு அடையாளம் வேணும், நீல பெயின்ட், கதவுக்கு பக்கத்துல ஒரு பீப்பாய், காயப்போட்ட ஸ்கூல் யூனிஃபோம், எதுவோ ஒன்னு, அது வைட் ஷொட்லயும் (தூரத்துல இருந்து முழு எடத்தையும் காட்டுறது) இருக்கணும் கிட்டத்து ஷொட்லயும் ஒரு மூலையிலாவது தெரியணும்.

அப்புறம் மேல இருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் கீறுங்க, லயம், இஸ்தோப்பு, படி, ஆள் வர்ற வழி. பொண்ணுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கோடு போடுங்க, கேமரா எப்பவும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நிக்கட்டும், 180 பாகைக்குள்ள. கோட்ட தாண்டி அந்தப் பக்கம் போய் எடுத்தீங்கன்னா இடமிருந்து வலமா வந்தவ அடுத்த ஷொட்ல வலமிருந்து இடமா போவா, பார்க்கிறவங்க அவ திரும்பிப் போறான்னு நினைப்பாங்க. லயத்துல இது லேசு, எல்லா ஷொட்டையும் முத்தத்து பக்கத்துல இருந்தே எடுத்தா போதும், பின்பக்கம் போறதா இருந்தா அவ நடந்து போய் திரும்புறத ஒரே ஷொட்ல காட்டிட்டு போங்க. ஒரே ஆள ரெண்டு ஷொட்ல அடுத்தடுத்து காட்டும்போது கேமராவ குறைஞ்சது 30 பாகையாவது நகர்த்துங்க, இல்லாட்டி படம் துள்ளுற மாதிரி இருக்கும்.

பார்வையும் முக்கியம். ரஷ்யாவுல குலெஷோவ்ங்கிற டைரக்டர் நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு நடிகரோட ஒரே முகத்த எடுத்து, ஒருக்கா சூப் கிண்ணத்துக்கு பக்கத்துல ஒட்டினாரு, ஒருக்கா சவப்பெட்டிக்கு பக்கத்துல ஒட்டினாரு, பார்த்தவங்க அதே முகத்துல ஒருக்கா பசியவும் ஒருக்கா துக்கத்தையும் பார்த்தாங்க. உங்க நடிகை சும்மா கீழ பார்த்தா போதும், அடுத்த ஷொட் செருப்பா இருந்தா மிச்சத்த பார்க்கிறவங்களே போட்டுக்குவாங்க. ஆனா அவ பார்க்கிற திசையும் செருப்பு கெடக்கிற திசையும் ஒத்துப் போகணும்.

பனி ஒரு ஷொட்ல இருக்கு, அடுத்த ஷொட்ல இல்ல

நம்ம ஊர் பனி யாருக்கும் காத்திருக்காது, பத்து நிமிஷத்துல எதிர்மலையே காணாம போகும், அடுத்த பத்து நிமிஷத்துல வெயில் அடிக்கும். அதனால பனிய நம்பி எடுக்க வேண்டிய ஷொட்ட ரெண்டோ மூணோ வைட் ஷொட்டுக்குள்ள சுருக்குங்க. பனி வந்த ஒடனே வேற எத எடுத்துக்கிட்டு இருந்தாலும் விட்டுட்டு அந்த மூணையும் எடுத்துருங்க, கிட்டத்து ஷொட் எல்லாம் பின்னால செவுரோ கதவோ வர்ற மாதிரி கூரைக்கு கீழ எடுத்துக்கலாம், அங்க பனி இருந்துச்சா இல்லையான்னு தெரியாது. பனிக்குள்ள போன் ஃபோகஸ் தேடித் தேடி அலையும், ஆள் நிக்கிற எடத்துல தொட்டு புடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) லொக் பண்ணிட்டு எடுங்க. வெளிக் குளிர்ல இருந்து அடுப்பெரியிற குசினிக்குள்ள போனா லென்ஸ்ல ஆவி படியும், தொடச்சாலும் திரும்ப படியும், போன் அந்தச் சூட்டுக்கு பழகுற வரைக்கும் கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் எடுக்கணும்.

மாசத்தையும் பார்த்து திட்டம் போடுங்க. ஹட்டன், நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, ஓகஸ்ட் லீவுல எடுக்கலாம்னு நினைச்சா நனையிறதுக்கும் சேர்த்து ப்ளான் வேணும். பதுளை பண்டாரவளை பக்கம் அந்த ஓகஸ்ட்ல காஞ்சு காத்தா இருக்கும், அங்க மழை ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும். மார்ச் ஏப்ரல்ல காலைல தெளிவா இருந்து பின்னேரம் இடியோட கொட்டும், அதனால வெளி ஷொட்ட பகலுக்கு முந்தியே முடிங்க.

ராத்திரி சீன்ல ஒன்னும் தெரியல, தெரியிற எடமும் புள்ளி புள்ளியா இருக்கு

ராத்திரிய ராத்திரில எடுக்காதீங்க. சின்ன சென்சர் உள்ள போன் இருட்டுல ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த கூட்டிக் காட்டுற அளவு) தானா ஏத்திரும், அந்தப் புள்ளியெல்லாம் அதால வர்றது. சூரியன் விழுந்த பிறகு நம்ம நாட்டுல வெளிச்சம் சீக்கிரமே போயிரும், 20 நிமிஷம் கிட்டத்தான் கையில இருக்கும், அந்த 20 நிமிஷம்தான் உங்க ராத்திரி. வானம் நீலமா, ஆள் நிழலா, வீட்டுக்குள்ள பல்ப் மஞ்சளா தெரியும். எக்ஸ்போஷர கொஞ்சம் எறக்கி, வைட் பேலன்ஸ (நெறம் மஞ்சளா நீலமான்னு சரிபண்ற செட்டிங்) லொக் பண்ணி எடுங்க. அந்த 20 நிமிஷத்துல என்ன ஷொட் எடுக்கப் போறோம்னு முந்தியே ஒத்திகை பார்த்து வைங்க, நாலு ஷொட்டுக்கு மேல ஆசப்படாதீங்க.

வீட்டுக்குள்ள எடுக்கும்போது வெளிச்சம் துடிச்சா, பட்டை பட்டையா ஓடினா, அது பல்ப். நம்ம நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்ப் வெளிச்சம் செக்கனுக்கு 100 தரம் கூடி கொறையுது, போன் 30 ஃப்ரேம்ல 1/60 ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் புடிக்கிற நேரம், செக்கன்ல) வச்சு எடுத்தா ரெண்டும் ஒத்துப் போகாது. ப்ரோ மோட்ல ஷட்டர 1/50 ஆக்குங்க, முடிஞ்சா செக்கனுக்கு 25 ஃப்ரேம் வைங்க, ஐபோன்ல வீடியோ செட்டிங்ஸ்ல பால் (PAL) ஃபோமட்னு ஒன்ன ஓன் பண்ணா 25 வரும். எல்லா போன்லயும் ஒரே அளவு வைங்க.

பேச்சு கேக்கல, மழைச் சத்தம் மட்டும்தான் கேக்குது

தகரக் கூரைக்கு கீழ மழையில பேசுறத ரெக்கோர்ட் பண்ண முடியாது, இதுக்கு எடிட்ல மருந்து கெடையாது. ப்ளான்லயே பிரிச்சிருங்க, மழையில பேச்சு வேணாம், பேச்சு வேணும்னா மழை இல்லாத நேரம் எடுத்து மழைச் சத்தத்த பிறகு போடுங்க. இன்னொரு போனை நடிகையோட சட்டைக்குள்ளயோ பக்கத்துல கூடைக்குள்ளயோ வச்சு சத்தத்த மட்டும் தனியா புடிங்க, தொடங்கும்போது ஒரு தரம் கை தட்டுங்க, எடிட்ல அந்தத் தட்டுறத வச்சு படத்தையும் சத்தத்தையும் பொருத்தலாம். எடுத்து முடிச்சப்புறம் யாரும் பேசாம அதே எடத்துல ஒரு நிமிஷம் வெறும் சத்தத்த ரெக்கோர்ட் பண்ணுங்க, கட் மாறுற எடமெல்லாம் சத்தம் வெட்டுப்படாம இருக்க அது வேணும்.

இது கோளாறு பத்தினது, ஆனா தகரத்துல விழுற மழை நம்மகிட்ட இருக்கிற பெரிய சொத்து. பலமா அடிக்குது, மெல்ல கொறையுது, கடைசில பீலியில இருந்து சொட்டு சொட்டா விழுறது மட்டும் கேக்குது, அப்பத்தான் உள்ள ரேடியோ பாடிக்கிட்டு இருக்கிறதே நமக்கு கேக்குது. பொண்ணு "அம்மா?"ங்கிறா. ரேடியோ நிக்குது. அந்த எடத்துல மியூசிக் போட்டா கெட்டுப் போகும். பார்க்கிறவங்க பயப்படணும்னு நெட்ல எறக்கின வயலின் கீச்சல போடுற பழக்கத்த தயவு செஞ்சு விடுங்க, அதுக்கு உரிமை வாங்கணும்ங்கிறது ஒரு பக்கம், உங்க ஊர் சத்தத்த அது மூடிரும்ங்கிறது இன்னொரு பக்கம்.

நடிக்கிற பிள்ளை சிரிக்குது, இல்லாட்டி ஓவரா நடிக்குது

"பயப்படு"ன்னு சொல்லாதீங்க, கைக்கு வேல குடுங்க. நனைஞ்ச கொடைய மடக்கணும், பேக்குல சாவி தேடணும், கால்ல உள்ள சேத்த படியில தேய்க்கணும். வேல செய்ற ஆளுக்கு நடிக்க நேரம் இருக்காது. போன் பேசுற வசனத்த எழுதிக் குடுக்காம, அந்தப் பக்கம் நெசமாவே ஒரு ஆள பேச விடுங்க, என்னென்ன தகவல் வரணும்ங்கிறத மட்டும் சொல்லி வைங்க.

எடுக்க விடல, பாதியில நிப்பாட்டிட்டாங்க

தோட்டத்துக்குள்ள, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பக்கம் எடுக்கணும்னா நிர்வாகத்துகிட்ட ஸ்கூல் கடிதத்தோட முந்தியே கேளுங்க, லயத்துல எடுத்தா அந்த வரிசையில உள்ள எல்லா வீட்டுக்கும் போய் சொல்லுங்க, சொன்னா டீயும் குடுப்பாங்க, சொல்லாட்டி சந்தேகப்படுறது நியாயம்தானே. நெஜத் துப்பாக்கி மாதிரி தெரியிற பொம்மையையும் பெரிய கத்தியையும் எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போகாதீங்க, ரோட்டுல எடுக்காதீங்க. மொத ரெண்டு நிமிஷத்துக்கு ஆயுதம் தேவையும் இல்ல.

ரயில் பாதையில நடக்கிற ஷொட்டும் சுரங்கத்துக்குள்ள ஓடுற ஷொட்டும் வேணாம். பனிக்குள்ள, வளைவுல கோச்சி வர்றது கிட்ட வந்தப்புறம்தான் தெரியும். ஸ்டேஷன் மேடையில அனுமதி கேட்டு எடுங்க, கோச்சிச் சத்தத்த தூரத்துல இருந்து புடிச்சுக்கோங்க.

பனி மாதிரி வரட்டும்னு மரத்தடியில குப்பைய கொளுத்தி புகை போடுற யோசனை யாருக்காவது வந்தா அங்கயே தடுத்துருங்க. புகை பட்டா குளவி கலையும், குளவி கொட்டி தோட்டத்து சனம் செத்த செய்தி நமக்கு புதுசு இல்ல. எந்த மரத்துல, எந்தக் கல்லிடுக்குல கூடு இருக்குன்னு அந்த மலையில வேல செய்றவங்களுக்கு தெரியும், எடம் பார்க்கப் போற அன்னைக்கே கேளுங்க. சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டமும் இருக்கு, அந்தி வேளை ஷொட்ட காட்டோரமா வைக்காம லயத்தோரமா வைங்க, பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும்.

தலைப்பு எழுத்து முகத்த மறைக்குது, தமிழ் எழுத்து உடையுது

பேர் போடுறதுக்கு எடம் விட்டு எடுக்கணும்ங்கிறத ப்ளான்லயே குறிச்சு வைங்க. போட்டோ டெஸ்ட்லயே பேரையெல்லாம் போட்டு பாருங்க, எந்த ஷொட்ல வானமோ செவுரோ காலியா இருக்கோ அங்க வரட்டும், செருப்பு ஷொட்ல எந்த எழுத்தும் வரக்கூடாது, கண் ரெண்டு எடத்துல இருக்க முடியாது. ஒரு பேர் வாசிக்கிறதுக்கு மூணு செக்கனாவது நிக்கட்டும், படத்தோட பேர் மட்டும் கடைசில வரட்டும், நம்ம உதாரணத்துல ரேடியோ நின்ன ஒடனே.

கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு தமிழ் உடைஞ்சு வந்தா எப்போட கோளாறு. பிரீமியர்ங்கிற எடிட்டிங் சொஃப்ட்வெயார்ல வேல செய்றவங்க ப்ரெஃபரன்சஸ்ல கிராஃபிக்ஸ்ங்கிற எடத்துல தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சின் இருக்கான்னு பார்த்து அத தெரிவு செய்யுங்க. அதுவும் சரிவராட்டி யுனிகோட் எழுத்த பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட் முறைக்கு மாத்தி, பாமினி ஃபொன்ட் போட்டு ஒட்டுங்க, உடையாது. போன் எப்ல ஃபொன்ட் சேர்க்க வழியில்லாட்டி பேர வேற எடத்துல அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா சேவ் பண்ணி, வீடியோவுக்கு மேல வைங்க.